மே மாதத்தில் ஹீட்டர் போட்டவன்

பஹ்ரைனில் எனக்குச் சோறு போடுவது 'வார்ம்' என்கிற ஓர் ஆங்கிலச் சொல். மனாமாவில் ஒரு விளக்குக் கடையில் விற்பனையாளன் நான். பல்பில் முக்கியமாக இரண்டு ரகம்: வெள்ளையாக எரிவது, மஞ்சளாக எரிவது. மஞ்சளை மஞ்சள் என்று சொன்னால் ஒருவரும் வாங்கமாட்டார்கள். மாட்டுக்கொட்டகையில் தொங்கிய குண்டு பல்பு ஞாபகத்துக்கு வந்துவிடும். அதனால் அட்டைப்பெட்டியில் 'வார்ம் ஒயிட்' என்று அச்சடித்து அனுப்புகிறார்கள். வெளியே வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருக்கும். கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தபடி உள்ளே வருகிறவர்களிடம், "ஹாலுக்கு வார்ம் போடுங்க, வீடே நல்லா இருக்கும்" என்று கூசாமல் சொல்வேன். அவர்களும் வாங்கிக்கொண்டு போவார்கள்.

கடை முதலாளி கீழக்கரைப் பக்கத்து பாய். வந்து முப்பது வருடமாகிறது. எனக்கு ஆங்கிலக் கடிதம் எழுதக் கற்றுக்கொடுத்தது தான்தான் என்று அவர் நம்பிக்கொண்டிருக்கிறார். அவருக்கு எல்லாக் கடிதமும் 'வித் வார்ம் ரிகார்ட்ஸ்' என்றுதான் முடிய வேண்டும். ஒரு முறை உடைந்த விளக்குகளாகவே ஒரு பெட்டி நிறைய வந்து இறங்கியது. இனி உங்கள் மூஞ்சியிலேயே விழிக்க மாட்டோம் என்கிற தொனியில் அந்தக் கம்பெனிக்கு நான்கு பத்தி எழுதச் சொன்னார். கடைசியில் வார்ம் ரிகார்ட்ஸும் போடச் சொன்னார்.

"என்ன பாய், இவ்வளவு திட்டிட்டு வார்ம் எதுக்கு?"

"அது சலாம் மாதிரி தம்பி. சண்டை போட்டுட்டுப் போனாலும் சொல்லிட்டுத்தான் போகணும்."

இந்தப் பழக்கம் என் கையோடு ஒட்டிக்கொண்டது. விசாவுக்கான காகிதங்களைக் கடைக் கம்ப்யூட்டரிலிருந்து என் மனைவிக்கு அனுப்பியபோது, 'இணைத்துள்ளேன், சரிபார்க்கவும்' என்று எழுதினேன். அடியில் வார்ம் ரிகார்ட்ஸ், என் பெயர், பதவி, கடையின் ஃபேக்ஸ் நம்பர் எல்லாம் சேர்ந்து போய்விட்டது. மறுநாள் பதில் வந்தது: 'பெறப்பட்டது. நன்றி. இப்படிக்கு, தங்கள் உண்மையுள்ள, ஏழாம் வகுப்பு அறிவியல் ஆசிரியை.' அது கோபமா கேலியா என்று எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை.

அவள் அறந்தாங்கியில் ஒரு பள்ளிக்கூடத்தில் அறிவியல் நடத்திக்கொண்டிருந்தாள். கல்யாணமாகி நான்கு வருடம். நான் லீவில் போன நாட்களையெல்லாம் கூட்டிப்பார்த்தால் ஐந்து மாதம் தேறாது. குழந்தை எப்போது என்று கேட்கிற உறவுக்காரர்களிடம், "விசா வந்ததும்" என்று அவள் பதில் சொல்வாளாம். கேட்டவர்கள் அப்புறம் அந்தப் பக்கமே வருவதில்லை.

எனக்குக் குடும்ப விசா கிடைக்கும் நிலை வந்ததும் ஆறு பேர் தங்கிய ரூமை விட்டு வெளியே வந்தேன். குதைபியாவில் ஒற்றைப் படுக்கையறை வீடு பார்த்துக் குடிபுகுந்தேன். அப்போது நான் பஹ்ரைன் வந்து ஒன்பது வருடம் ஆகியிருந்தது. வந்துவிடு என்று அவளை நச்சரிக்க ஆரம்பித்தேன். அவள் மாட்டேன் என்றும் சொல்லவில்லை, வருகிறேன் என்றும் சொல்லவில்லை.

"பள்ளிக்கூட லீவுல மூணு வாரம் வந்து பாக்குறேன். பாத்துட்டுச் சொல்றேன்" என்றாள்.

அவளைப் பெண் பார்க்கப் போனபோது மூன்று பஜ்ஜியைத் தின்றுவிட்டு, வீட்டில் கலந்து பேசிவிட்டுச் சொல்கிறோம் என்று கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்தவன் நான். இப்போது என் முறை வந்திருந்தது. அவள் வேலையை விட்டுவிட்டு என்னோடு வந்து இருப்பாளா, இல்லை இன்னும் பத்து வருடம் நான் வீடியோவில் குடும்பம் நடத்த வேண்டுமா என்பது அந்த மூன்று வாரத்தில் தெரிந்துவிடும். 

விஷயத்தை பாயிடம் சொன்னேன். அவர் கல்லாவிலிருந்து எழுந்தே வந்துவிட்டார்.

"வீட்டுக்காரம்மா வர்ற வீடு வார்மா இருக்கணும் தம்பி. ட்யூப்லைட்டைக் கழட்டிப் போடு முதல்ல."

கழற்றிப் போட்டேன். ஹால், படுக்கையறை, சமையலறை, குளியலறை எல்லாவற்றிலும் வார்ம் ஒயிட் மாட்டினேன். இரவில் என் வீடு பழச்சாறு விற்கும் கடை மாதிரி இருந்தது. அவளுக்கென்று ஒரு புதுத் தட்டு, ஒரு டம்ளர், ஒரு தலையணை வாங்கினேன். என்னிடம் விளிம்பு உடைந்த மெலமைன் தட்டு ஒன்று இருந்தது. அது எனக்குப் போதும் என்று விட்டுவிட்டேன்.

விமான நிலையத்தில் அவள் வெளியே வந்தபோது மத்தியானம் ஒரு மணி இருக்கும். நான் என்ன செய்திருக்க வேண்டும் என்பதை இத்தனை நாள் யோசித்தும் கண்டுபிடிக்க முடியவில்லை. பக்கத்தில் ஒரு மலையாளிக் குடும்பம் கட்டிப்பிடித்து அழுதுகொண்டிருந்தது. நான் கையை நீட்டினேன், கடைக்கு வருகிற கம்பெனி ஆளிடம் நீட்டுவதைப் போல. அவள் அந்தக் கையைப் பார்த்துவிட்டு அதில் தன் பெட்டியைக் கொடுத்தாள்.

டாக்சியில் நானாக ஒரு வார்த்தை பேசவில்லை. அவளோடு தினம் ஒரு மணி நேரம் போனில் பேசுகிறவன், ஆள் பக்கத்தில் வந்து உட்கார்ந்ததும் ஊமையாகிவிட்டேன். எங்கள் கடையில் மைதானத்துக்குப் போடும் பெரிய விளக்குகள் உண்டு. சுவிட்சைப் போட்டால் உடனே எரியாது. ஐந்து நிமிடம் மங்கலாக முனகிக்கொண்டிருந்துவிட்டுத்தான் முழு வெளிச்சம் வரும். வாங்குகிறவர்கள் ரிப்பேர் என்று திருப்பிக் கொண்டுவருவார்கள். அது வார்ம்-அப் டைம் என்று நான்தான் அவர்களுக்குப் பொறுமையாக விளக்குவேன். என்னைப் பற்றி அவளுக்கு விளக்கத்தான் அங்கே ஆள் இல்லை.

வீட்டுக்குள் நுழைந்ததும் அவள் கேட்ட முதல் விஷயம் குளியல். இங்கேதான் நான் செய்த காரியத்தைச் சொல்ல வேண்டும். வளைகுடாவில் இருந்தவர்கள் இதைப் படித்தால் தலையில் அடித்துக்கொள்வார்கள்.

இங்கே தண்ணீர்த் தொட்டி மொட்டைமாடியில் வெயிலைப் பார்த்துக்கொண்டு நிற்கும். மே பிறந்துவிட்டால் பச்சைத் தண்ணீர்க் குழாயில் வருவது பச்சைத் தண்ணீர் அல்ல. மத்தியானத்தில் அதில் டீத்தூளைப் போட்டால் சாயம் இறங்கிவிடும். வெந்நீருக்கான ஹீட்டரோ வீட்டுக்குள், ஏசியின் தயவில் இருக்கிறது. அதனால் கோடை தொடங்கியதும் எல்லோரும் ஹீட்டரை அணைத்துவிடுவார்கள். முந்தின இரவு அதில் நிரம்பிய தண்ணீர் மெல்ல ஆறிக் கிடக்கும். வெந்நீர்க் குழாயைத் திறந்தால் குளிர்ந்த தண்ணீர் வரும். சிவப்புக் குறி போட்ட குழாய் குளிர்ச்சிக்கு, நீலக் குறி போட்ட குழாய் தோலை உரிப்பதற்கு. ஆறு மாதத்துக்கு இதுதான் சட்டம்.

நாங்கள் ஆறு பேர் இருந்த ரூமில் ஹீட்டர் சுவிட்சின் மேல் மே முதல் தேதி டேப் ஒட்டிவிடுவோம். அதன் மேல் பாதி அரபியில் 'மாஃபி டச்', தொடக்கூடாது, என்று ஒருவன் எழுதியும் வைத்திருந்தான். அந்த ஹீட்டர் தண்ணீரில் ஆளுக்கு எத்தனை மக் என்று பஞ்சாயத்து நடக்கும். ஒரு முறை இரண்டு பேர் மூன்று நாள் பேசாமல் இருந்தார்கள். அந்தப் பஞ்சாயத்துக்கு ஐந்து வருடம் தலைவராக இருந்தவன் நான்.

அப்படிப்பட்ட நான் அன்று காலை விமான நிலையத்துக்குக் கிளம்பும்போது ஹீட்டரைப் போட்டுவிட்டுப் போயிருந்தேன்.

ஏன் என்று கேட்டால் எனக்குக் காரணம் தெரியாது. ஊரில் யாராவது பயணம் செய்து வந்தால், 'வெந்நீர் போட்டிருக்கேன், குளிச்சிட்டு வாங்க' என்று சொல்லித்தான் எங்கள் வீட்டில் வரவேற்போம். அதுதான் மண்டைக்குள் எங்கோ கிடந்து விரலைச் சுவிட்சுக்குக் கொண்டுபோயிருக்க வேண்டும். வரவேற்கிற அவசரத்தில் வீட்டில் இருந்த ஒரே குளிர்ந்த தண்ணீரையும் கொதிக்கவைத்துவிட்டுப் போயிருந்தேன்.

குளியலறைக் கதவு சாத்திய இரண்டாவது நிமிடம் உள்ளே மக் விழுந்தது.

"ஏங்க, தண்ணி கொதிக்குது."

"அது நீலக் குழாய். சிவப்பைத் திற. சிவப்புலதான் பச்சைத் தண்ணி வரும்."

"சிவப்புல பச்சைத் தண்ணியா?"

"ஆமா. இங்க அப்படித்தான்."

இன்னொரு குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. பிறகு அவள் குரல் வகுப்பில் கேட்கிற குரலாக மாறியிருந்தது. "சிவப்பும் கொதிக்குது. ஆவி வருது."

அப்போதுதான் எனக்கு ஹீட்டர் ஞாபகம் வந்தது. ஓடிப்போய் அணைத்தேன். அணைத்து என்ன, அது ஆற நாளைக் காலை ஆகும். கதவின் மேல் வாயை வைத்து, நான்தான் போட்டேன், நீ களைத்து வருவாய் என்று போட்டேன், வழக்கமாகப் போடமாட்டேன், வழக்கமாக சிவப்பில் பச்சைத் தண்ணீர்தான் வரும் என்று மளமளவென்று விளக்கினேன். விமான நிலையத்திலிருந்து நான் பேசிய முதல் நீளமான பேச்சு அதுதான்.

"மே மாசம் ஹீட்டர் போட்டீங்களா?"

"ஆமா."

கதவுக்கு அந்தப் பக்கம் அவள் சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்து, இருமி, மறுபடி சிரித்தாள். "ஃப்ரிட்ஜ்ல இருக்கிற தண்ணி பாட்டிலையெல்லாம் கொண்டாங்க" என்றாள். ஐந்து பாட்டிலைக் கதவு இடுக்கு வழியாகக் கொடுத்தேன். வாளியில் ஊற்றிக் கலந்து குளித்துவிட்டு வந்தாள். முகம் சிவந்திருந்தது, ஆனால் விமான நிலையத்தில் இருந்த அந்த இறுக்கம் போயிருந்தது. எனக்கும் நாக்கு திரும்பி வந்தது.

இதை மறுநாள் பாயிடம் சொன்னபோது அவர் கல்லா மேஜையில் கைவைத்துக் குலுங்கினார். நானோ வேறு யோசனையில் இருந்தேன். வெள்ளைக்காரன் குளிரில் நடுங்கியவன். அவனுக்கு நல்ல மனுஷன் என்றால் வார்ம், நல்ல வீடு என்றால் வார்ம். நம் ஆட்கள் வெயிலில் காய்ந்தவர்கள். நமக்கு மனசு குளிர வேண்டும், வயிறு குளிர வேண்டும், கண் குளிரப் பார்க்க வேண்டும். சூடான ஆள் என்றால் கிட்டே போக மாட்டோம். இதை பாயிடம் சொன்னேன். "அரபியும் அப்படித்தான் தம்பி, பிள்ளைகளைக் கண் குளிர்ச்சின்னுதான் சொல்றான்" என்றார். "அப்ப வீட்டை எதுக்கு பாய் வார்மா வைக்கச் சொன்னீங்க?" என்றேன். அவர் ஒரு வாடிக்கையாளரைக் கவனிக்கப் போய்விட்டார்.

அவள் வந்த மூன்றாம் நாள் சமையலறையில் வார்ம் ஒயிட் இறங்கியது. "இந்த மஞ்ச வெளிச்சத்துல அரிசில கல்லு இருக்கா, பூச்சி இருக்கான்னு ஒண்ணும் தெரியல" என்றாள். பழைய ட்யூப்லைட் மறுபடி ஏறியது. ஐந்தாம் நாள் மூடி போட்ட பெரிய பிளாஸ்டிக் டிரம் ஒன்று வாங்கிக் குளியலறையில் வைத்தாள். ராத்திரி நிரப்பி வைத்தால் மறுநாள் முழுக்க இரண்டு பேருக்கும் குளிர்ந்த தண்ணீர். ஒன்பது வருடம் மக் கணக்கில் பஞ்சாயத்து பண்ணிய எங்கள் ஆறு பேரில் ஒருவனுக்கும் இந்த டிரம் தோன்றவில்லை என்பதை அவளிடம் நான் சொல்லவில்லை.

என் எலக்ட்ரிக் குக்கர்தான் அவளுக்குப் பிடிபடவே இல்லை. காலை ஐந்து மணிக்குச் சோறு வைத்துவிட்டு நான் கடைக்குப் போய்விடுவேன். சோறு வெந்ததும் பொத்தான் தானாக மேலே வந்து 'வார்ம்' என்ற இடத்தில் ஒரு சின்ன விளக்கு எரியும். மத்தியானம் வந்து பாதி, ராத்திரி வந்து மீதி.

"இந்த லைட் எப்ப அணையும்?"

"அது அணையாது. நாம பிளக்கைப் பிடுங்கினாத்தான்."

"காலைல வச்ச சோத்தை ராத்திரி வரைக்கும் சூட்டுலயே வச்சிருந்தா அடியில இருக்கிறது என்னாகும்?"

"மஞ்சளாயிரும். காஞ்சு போயிரும். சாப்பிடலாம், ஒண்ணும் பண்ணாது."

"இத்தனை வருஷமா இதையா சாப்பிடுறீங்க?"

 அன்றிலிருந்து வேளைக்கு வேளை சமைத்தாள்.

நான் ஊரைக் காட்டினேன். கடற்கரை, கோட்டை, ஏசி போட்ட கடைவீதிகள். எனக்கு வியப்பான விஷயம், அவளுக்கு குதைபியா பிடித்துவிட்டது. நான் கடைக்குப் போனதும் தனியாகக் கீழே இறங்கிப் போய்க் கீரை வாங்கினாள், தையல்காரரைக் கண்டுபிடித்தாள். எங்கள் மாடியில் இருந்த ஒரு டீச்சரைப் பிடித்து, இந்தியப் பள்ளிகளில் அறிவியலுக்கு ஆள் எடுப்பார்களா என்று விசாரித்தும் வைத்திருந்தாள். எனக்குக் காலே தரையில் பாவவில்லை. முடிந்தது, வந்துவிடுவாள், கலாஸ் என்று பாயிடம் சொன்னேன். பாய் மறுபடியும் வீட்டு விளக்கைப் பற்றி ஏதோ சொல்ல வந்தார். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள், வெள்ளிக்கிழமை மத்தியானம், அவள் மூட்டை கட்டினாள். கொண்டுவந்த பெட்டி போதவில்லை. "கட்டிலுக்கு அடியில ஒரு பெட்டி இருக்கே, அதை எடுத்துக்கவா?" என்று கேட்டுக்கொண்டே இழுத்தாள். பெட்டி நகரவில்லை. நான் குளியலறையிலிருந்து, அதை விடு என்று கத்தினேன். அதற்குள் திறந்துவிட்டாள்.

வளைகுடாவில் இருக்கும் ஆண்கள் எல்லோருடைய கட்டிலுக்கு அடியிலும் அப்படி ஒரு பெட்டி இருக்கும். கண்ணில் படுகிற நல்ல பொருள் எல்லாம் அதற்குள் போகும். லீவு வந்ததும் பெட்டி ஊருக்குப் போகும், திரும்பி வந்ததும் மறுபடி நிரம்பும். அதில் இருப்பதை எடுத்து யாரும் உபயோகிக்க மாட்டோம். யாரும் அப்படிச் சொல்லிக்கொடுக்கவில்லை. எல்லோரும் அப்படித்தான் செய்கிறோம்.

அவள் ஒவ்வொன்றாக வெளியே எடுத்துக் கட்டிலில் வைத்தாள். ஆறு பேர் சாப்பிடுகிற கண்ணாடித் தட்டு செட். பிரிக்காத ஆறு துண்டு. மூன்று சட்டை, பின் கூடக் கழற்றாதது. சோப்பு ஒரு டஜன், சென்ட் பாட்டில்கள், கரண்ட் போனால் எரிகிற விளக்கு, பெட்ஷீட். அடியில் இரண்டு போர்வை, புசுபுசுவென்று, புலி படம் போட்டது. அதன் உறையிலும் 'வார்ம் அண்ட் சாஃப்ட்' என்று போட்டிருந்தது.

"இது யாருக்கு?"

"ஊருக்கு."

"அறந்தாங்கியில இதைப் போத்திக்கிட்டு யாருங்க படுக்கிறது? போன தடவை கொண்டாந்ததே பரண்ல உறை பிரிக்காம கிடக்கு."

"எல்லாரும்தான் வாங்கிட்டுப் போறாங்க."

அவள் எழுந்து போய்த் துணி அலமாரியைத் திறந்தாள். தன் சேலைகளை மாட்ட அவள் ஒரு பக்கத்தைத்தான் இதுவரை திறந்திருந்தாள். மறுபக்கம் காலி. என் சட்டை நான்கும் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கின, மற்றதெல்லாம் சலவைக்கடைப் பையிலேயே கிடந்தது. அப்புறம் சமையலறைக்குப் போய் என் உடைந்த தட்டை எடுத்துவந்து, கண்ணாடித் தட்டுகளுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "யாருக்காக இதெல்லாம்? உனக்காகத்தானே? வீட்டுக்காகத்தானே வாங்குறேன்?" என்று கத்தினேன்.

அவள் குரலை உயர்த்தவில்லை. "எங்களுக்கு வாங்குறது சரிங்க. உங்களுக்கு இங்க என்ன இருக்கு? ஒரு தட்டு, அதுவும் உடைஞ்சது. நேத்து வந்து நாளைக்குக் கிளம்புற ஆளாட்டம் ஒன்பது வருஷம் இருந்திருக்கீங்க. நீங்களே இன்னும் இங்க குடி வரலை. என்னை எங்க குடி வரச் சொல்றீங்க?"

 வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்து போகிறவர்களின் பேச்சுச் சத்தம் தெருவிலிருந்து கேட்டது. அவள் சொன்னது பொய்யாக இருந்திருந்தால் நான் இன்னும் நன்றாகச் சண்டை போட்டிருப்பேன்.

மறுநாள் விமான நிலையத்தில், உள்ளே போவதற்கு முன்னால் கேட்டுவிட்டேன். "என்ன முடிவு பண்ணியிருக்கே?"

"அடுத்த லீவுக்கு வரும்போது அந்தப் பெட்டியைக் காலியாக் கொண்டாங்க. அப்பச் சொல்றேன்."

இது எளிது என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்து கண்ணாடித் தட்டில் ஒன்றை எடுத்துக் கழுவினேன். சோறு போட்டேன். கை ஏனோ தயங்கியது. யார் வீட்டுப் பொருளையோ எடுத்துத் தின்கிற மாதிரி இருந்தது. முதல் புதுத் துண்டால் துடைத்தபோது அது தண்ணீரை உறிஞ்சவே இல்லை, தண்ணீரை உடம்பு முழுக்க நகர்த்திவிட்டது. புதுச் சட்டை போட்டுக்கொண்டு கடைக்குப் போனேன். "என்ன தம்பி, வேற கடைல இண்டர்வியூவா?" என்று பாய் சந்தேகமாகப் பார்த்தார். புலிப் போர்வையை ஏசி அறையில் போர்த்திக்கொண்டு படுத்தபோதுதான் ஓர் உண்மை தெரிந்தது. அந்தப் போர்வை பஹ்ரைனில் படுப்பதற்கு ஆனது. இத்தனை வருடம் நாம்தான் அதை அறந்தாங்கிக்கும் தேவகோட்டைக்கும் சுமந்துகொண்டு போயிருக்கிறோம்.

அலமாரிதான் கடினமாக இருந்தது. துணிகளை மடித்து அடுக்குவதற்கு ஒரு மாதம் ஆயிற்று. சோம்பல் என்று சொல்லிக்கொண்டேன். சோம்பல் இல்லை, பயம். பெட்டியில் இருக்கும்வரை நான் ஊர்க்காரன், இங்கே சும்மா வந்திருக்கிறேன். அலமாரியில் அடுக்கிவிட்டால் என் வாழ்க்கையில் ஒன்பது வருடம் இங்கேதான் போனது என்று ஒத்துக்கொண்டதாகிவிடும். அந்த வருடங்களை நான் யாரிடமும் கணக்குக் காட்டாமல் கடத்திவிடலாம் என்று நினைத்திருக்கிறேன். ஒரு சனிக்கிழமை காலை, பல்லைக் கடித்துக்கொண்டு எல்லாவற்றையும் அடுக்கினேன். பிறகு கடைவீதிக்குப் போய் ஜன்னலுக்குத் திரைச்சீலை வாங்கினேன். திரைச்சீலை வாங்கும் ஆண்களை அந்தக் கடைக்காரர் அதிகம் பார்த்ததில்லை போலிருக்கிறது. டீ கொடுத்தார்.

இதைப் பாயிடம் சொன்னேன், கேலி செய்வார் என்று எதிர்பார்த்து. அவர் கேலி செய்யவில்லை. "என் கட்டிலுக்கு அடியில மூணு பெட்டி இருக்கு தம்பி" என்றார். 

டிசம்பரில் லீவு கிடைத்தது. திருச்சி விமான நிலையத்தில் சுங்கத்துறை அதிகாரி என் பெட்டியைத் திறக்கச் சொன்னார். திறந்தேன். உள்ளே ஒன்றும் இல்லை. பஹ்ரைனிலிருந்து வருகிற ஒருவனிடம் அவ்வளவு பெரிய பெட்டியில் ஒன்றும் இல்லாதிருப்பதை அவரால் தாங்க முடியவில்லை. உள்துணியைத் தட்டிப் பார்த்தார், சக்கரத்தைச் சுழற்றிப் பார்த்தார், இன்னொருவரைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"சார், நெஜமாவே ஒண்ணும் கொண்டாரலையா?"

"இல்ல சார்."

"எதுக்கு சார் இந்தப் பெட்டி?"

"வீட்ல கேட்டாங்க" என்றேன். அவர் நம்பவில்லை, ஆனால் விட்டுவிட்டார்.

வீட்டில் அம்மா பெட்டியை உள்ளே தூக்கி வைக்கப் போனார்கள். அது கனமே இல்லாமல் கையோடு வந்துவிட்டது. என் முகத்தைப் பார்த்து, "வேலைய விட்டுட்டியாப்பா?" என்று மெதுவாகக் கேட்டார்கள். பக்கத்து வீட்டில் இருந்து சோப்பையும் தைலத்தையும் எதிர்பார்த்து வந்த சித்தி ஐந்து நிமிடம் உட்கார்ந்து பார்த்துவிட்டு, அடுப்பில் பால் இருக்கிறது என்று போய்விட்டார். கம்பெனியை மூடிவிட்டார்களாம் என்று சாயங்காலத்துக்குள் தெருவுக்கே தெரிந்திருந்தது.

அவள் காப்பி கொடுத்தாள். பெட்டியை எங்கள் அறைக்கு உருட்டிக்கொண்டு போனாள். நான் பின்னால் போனேன். கட்டில் மேல் பெட்டியைத் திறந்து போட்டு, நான்கு மூலையிலும் கையை விட்டுப் பார்த்தாள். பிறகு பீரோவைத் திறந்து தன் சேலைகளை எடுத்து அதற்குள் அடுக்க ஆரம்பித்தாள்.

 ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, "பள்ளிக்கூடத்துல எப்பச் சொல்லப்போறே?" என்று கேட்டேன்.

"சொல்லியாச்சு. போன மாசமே எழுதிக் கொடுத்துட்டேன். அரையாண்டுப் பரீட்சையோட சரி."

"பெட்டியைப் பாக்காமலேயா?"

அவள் திரும்பாமல் அடுக்கிக்கொண்டே இருந்தாள். "வீடியோல பேசினப்போ உங்களுக்குப் பின்னால அலமாரி தெரிஞ்சுது" என்றாள். "துணி பிதுங்கி, கதவு மூடாம நின்னுச்சு."